மியாசாகி படங்களில் காடும் சாமியும்: புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலில் பார்த்த ஜப்பானிய அனிமேஷன் படம், ஹயாவோ மியாசாகி இயக்கிய 'பிரின்சஸ் மோனோனோகே'. பார்த்த இடம் மதுரைக்குப் போகும் இரவுப் பேருந்து. கையில் சின்ன போன், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் இயர்ஃபோன், ஆங்கில டப்பிங். விழுப்புரம் தாண்டுவதற்குள் ஒரு காட்டுப்பன்றி செத்துவிட்டது, ஒரு பையன் கையில் சாபம் ஏறிவிட்டது, அவன் ஊரை விட்டே கிளம்பிவிட்டான். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பிடிபடவே இல்லை. நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டேன். அப்புறம் இரண்டு வருடம், 'இந்தப் படமெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தப்பு படத்தில் இல்லை, நான் பார்த்த விதத்தில்தான். தவறான சப்டைட்டில், தவறான வரிசை, ஒரு சொல்கூடத் தெரியாத நிலை. இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டுத்தடுமாறிச் சரிசெய்ய எனக்கு வருடக்கணக்கானது. நீங்கள் ஐந்து வாரத்தில் முடிக்கலாம்.

1. முதலில் நேரமும் காசும்

மியாசாகி இயக்கியதில் ஐந்து படங்கள் போதும். ஐந்தும் சேர்த்து ஒன்பதரை மணி நேரத்துக்குள் அடங்கும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பதால் பத்தொன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனி இரவு முதல் முறை, வாரத்தின் நடுவில் ஒரு நாள் இரண்டாம் முறை.

இந்தியாவில் 2020 முதல், மியாசாகியின் கிப்லி ஸ்டுடியோவின் பெரும்பாலான படங்கள் நெட்ஃபிளிக்ஸில் இருக்கின்றன. நான் கட்டியபோது மொபைல் திட்டம் மாதம் 149 ரூபாய், டிவியிலும் பார்க்கும் அடிப்படைத் திட்டம் 199. ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று மொபைல் திட்டம் வாங்காதீர்கள். இந்தப் படங்களில் பாதி விஷயம் பின்னணி ஓவியத்தில் இருக்கிறது. மரப்பட்டை, பாசி, ஓரமாக நிற்கும் கல் எதுவும் போன் திரையில் தெரியாது. இரண்டு மாதச் சந்தா, ஏறக்குறைய 400 ரூபாய், வேலை முடிந்துவிடும். விலை அவ்வப்போது மாறும், கட்டுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டெலிகிராமில் கிடைக்கும் பிரதிகள் வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சப்டைட்டில் யார் எழுதியது என்றே தெரியாது. 'நௌசிகா' படத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 1985-இல் அமெரிக்காவில் அதை இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டி, வேறு பெயரில் சாதாரண சண்டைப்படம்போல வெளியிட்டார்கள். நீங்கள் பார்க்கப்போவது 117 நிமிடம் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். குறைவாக இருந்தால் அது வேறு படம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2. சப்டைட்டிலைச் சரியாக வையுங்கள்

பெரும்பாலானவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். ஒலியை ஜப்பானிய மொழிக்கு மாற்றிவிடுவோம். சப்டைட்டிலில் 'ஆங்கிலம்' என்று ஒன்றும், 'ஆங்கிலம் சிசி' என்று இன்னொன்றும் இருக்கும். கை போன போக்கில் சிசியைத் தட்டிவிடுவோம். சிசி என்பது காது கேளாதவர்களுக்காக ஆங்கில டப்பிங்கைப் பார்த்து எழுதியது. ஜப்பானிய வசனத்தின் மொழிபெயர்ப்பு இன்னொன்றில்தான் இருக்கிறது.

வித்தியாசம் சின்னது என்று நினைக்க வேண்டாம். 'ஸ்பிரிட்டட் அவே' முடியும்போது ஆங்கில டப்பிங்கில் அப்பா, புது வீடு, புதுப் பள்ளிக்கூடம், கொஞ்சம் பயமாக இருக்கிறதா என்பதுபோல ஏதோ கேட்பார். சிறுமி சிஹிரோ, சமாளித்துவிடுவேன் என்பாள். ஜப்பானிய மூலத்தில் இந்தப் பேச்சே கிடையாது. கார் கிளம்பிப் போகும், அவ்வளவுதான். அவளுக்கு என்ன நினைவிருக்கிறது, என்ன மறந்தது என்று படம் வாயே திறக்காது. டப்பிங்கில் அந்த மௌனத்தின் மேல் ஒரு வசனத்தை ஒட்டிவிட்டார்கள். நான் மூன்று முறை டப்பிங்கில் பார்த்துவிட்டு, 'தன்னம்பிக்கைப் படம்' என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

யாராவது பேசாமலே வாய் அசையாமல் நிற்கும்போது திரையில் எழுத்து ஓடினால், நீங்கள் சிசியில் இருக்கிறீர்கள். மாற்றுங்கள்.

3. இந்த வரிசையில் பாருங்கள்

முதலில் 'மை நெய்பர் டோட்டோரோ' (1988, 86 நிமிடம்). அடுத்து 'ஸ்பிரிட்டட் அவே' (2001, 124 நிமிடம்). மூன்றாவது 'போன்யோ' (2008, 101 நிமிடம்). நான்காவது 'நௌசிகா' (1984, 117 நிமிடம்). கடைசியில்தான் 'பிரின்சஸ் மோனோனோகே' (1997, 133 நிமிடம்).

வெளியான வருட வரிசையில் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. அது ரசிகர்களுக்குச் சரி, புதியவர்களுக்குச் சரிப்படாது. டோட்டோரோவில் காடு நட்பாக இருக்கிறது, மோனோனோகேயில் காடு கடிக்கிறது. முதலில் நட்பைப் பார்த்தால்தான் கடி ஏன் என்று விளங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். 'போன்யோ'வில் கடல் ஊருக்குள் ஏறி வரும், அலைமேல் ஒரு சிறுமி ஓடி வருவாள். குழந்தைகளுக்குக் குதூகலமான காட்சி. ஆனால் 2004 டிசம்பரைக் கடலோரத்தில் கண்ணால் பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுங்கள். நான் சொல்லாமல் போட்டேன். என் சித்தி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

இன்னொன்று: டோட்டோரோ வெளியானபோது தியேட்டரில் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' படத்தோடு ஜோடியாகத்தான் ஓடியது. அந்தத் தகவலைப் படித்துவிட்டு, நாமும் ஒரே நாளில் இரண்டையும் பார்ப்போம் என்று கிளம்பாதீர்கள். அது போரில் பசியால் சாகும் குழந்தைகளின் கதை.

நேரம் இருந்தால், கிப்லியின் இன்னொரு இயக்குநர் தகாஹாடா இயக்கிய 'பாம் போகோ'வைச் (1994) சேர்த்துக்கொள்ளலாம். தோக்கியோவின் ஓரத்தில் தாமா நியூ டவுன் என்ற குடியிருப்பு நகரம் கட்டுவதற்காக மலைகளை மழித்தபோது, அங்கே வாழ்ந்த தனுகி என்ற விலங்குகள் என்ன செய்தன என்பது கதை. அந்த விலங்குகள் தங்கள் விதைப்பையை ஊதிப் பெரிதாக்கிப் பாராசூட்டாகப் பறக்கும். ஜப்பானில் அது நாட்டுப்புறக் கிண்டல், யாரும் முகம் சுளிப்பதில்லை. நம் வீட்டில் மாமனாரோடு உட்கார்ந்து பார்க்குமுன் யோசித்துக்கொள்ளுங்கள்.

4. ஐந்து சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஷிண்டோ என்ற ஜப்பானிய வழிபாட்டு மரபு பற்றிப் புத்தகம் எதுவும் படிக்க வேண்டாம். நான் இரண்டு படித்தேன், படம் பார்க்க அவை உதவவில்லை. இந்த ஐந்து சொற்கள் உதவின.

காமி. சப்டைட்டிலில் 'காட்' என்று வரும், சில இடத்தில் 'ஸ்பிரிட்' என்று வரும். இரண்டும் முழுதாகப் பொருந்தாது. ஆற்றுக்கு ஒரு காமி, பழைய மரத்துக்கு ஒரு காமி, முள்ளங்கிக்கும் ஒரு காமி. எண்பது லட்சம் காமிகள் என்பது ஜப்பானிய வழக்கு, கணக்கில்லாத என்று பொருள். எல்லாம் அறிந்தவர், எல்லாம் வல்லவர் என்ற எண்ணம் இதில் கிடையாது. காமிக்கு உடம்பு நோகும், அழுக்காகும், கோபம் வரும், சாகவும் செய்யும். தமிழில் 'கடவுள்' என்பதைவிடப் பேச்சில் நாம் சொல்லும் 'சாமி' கொஞ்சம் பக்கத்தில் வரும்.

தோரி. இரண்டு தூண், மேலே குறுக்காக இரண்டு சட்டம். இதற்கு அந்தப் பக்கம் காமியின் இடம் என்பதற்கான அடையாளம்.

ஷிமேனவா. வைக்கோலை முறுக்கித் திரித்த கயிறு, வெள்ளைக் காகிதம் தொங்கும். மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்தால் அந்த மரத்தில் காமி இருக்கிறது. டோட்டோரோ வாழும் பெரிய கற்பூர மரத்தின் அடியைப் பாருங்கள்.

தாதாரி. காமி சீற்றம் கொண்டால் மனிதர் மேல் இறங்கும் கேடு. மோனோனோகேயின் முதல் பத்து நிமிடம் முழுக்க இதுதான். இது தெரியாமல்தான் விழுப்புரத்தில் படுத்துவிட்டேன்.

காமிகாகுஷி. ஆள் திடீரென்று காணாமல் போனால், காமி ஒளித்துவைத்துவிட்டது என்பார்கள். 'ஸ்பிரிட்டட் அவே'யின் ஜப்பானியத் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது.

ஒரு பொறி இங்கே உண்டு, அதுவும் நமக்கென்றே வைத்தது. ஒவ்வொன்றுக்கும் நம்மூர் இணை தேடுவது. மோனோனோகேயில் வரும் கோதாமா என்ற குட்டி மர ஆவியைப் பார்த்ததும் 'வனதேவதை', கயிறு கட்டிய மரத்தைப் பார்த்ததும் 'நம்ம கோயில்காடு' என்று பெயர் ஒட்டத் தோன்றும். முதல் பார்வையில் ஒட்டாதீர்கள். பெயர் வைத்துவிட்டால் அதற்குமேல் பார்க்க மாட்டோம். வேற்றுமை கண்ணில் படவே படாது.

5. முதல் முறை: நிறுத்தாமல், ஓட்டாமல்

போனை வேறு அறையில் வையுங்கள். ஒன்றுமே நடக்காத காட்சி வரும்போது பத்து விநாடி முன்னே தள்ளும் பொத்தானுக்கு விரல் போகும். அதை அடக்குங்கள். அந்தக் காட்சிகளுக்காகத்தான் படமே பார்க்கிறோம்.

2002-இல் மியாசாகி அமெரிக்க விமர்சகர் ராஜர் ஈபர்ட்டிடம் பேசும்போது மூன்று நான்கு முறை கைதட்டிக் காட்டி, தட்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்குத்தான் ஜப்பானிய மொழியில் 'மா' என்று பெயர் என்றார். டோட்டோரோவில் பேருந்து நிறுத்தக் காட்சி வரும். இருட்டு, மழை. அக்கா சாத்சுகி, தூங்கிப்போன தங்கையை முதுகில் சுமந்துகொண்டு அப்பாவுக்காக நிற்கிறாள். ஒரு தேரை மெல்ல நகர்ந்து போகிறது. பக்கத்தில் பெரிய பாதம் ஒன்று வந்து நிற்கிறது. அவள் குடை கொடுக்கிறாள். மரத்திலிருந்து சொட்டு நீர் குடைமேல் விழும் சத்தத்தை டோட்டோரோ ரசிக்கிறது. ஏறக்குறைய பேச்சே இல்லாத நிமிடங்கள். காட்டின் சாமியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரே மழையில் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள், இருவருக்கும் அது சாதாரணம். இதை ஓட்டிவிட்டுப் போனால் மிச்சப் படத்தில் எதைப் பார்ப்பது?

6. இரண்டாம் முறை: நோட்டும் பேனாவும்

கதை தெரிந்துவிட்டது, இனி ஓரங்களைப் பாருங்கள். நோட்டில் ஒரே ஒரு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: யார், எதன் முன், எப்போது குனிகிறார்கள்?

டோட்டோரோவில் மழைக்கு ஒதுங்கும் இரண்டு குழந்தைகள், குழந்தைகளைக் காக்கும் பௌத்தத் தெய்வமான ஜிசோவின் சிலையிடம், கொஞ்ச நேரம் நின்றுகொள்கிறோம் என்று அனுமதி கேட்கிறார்கள். அவர்களுடைய அப்பா பெரிய மரத்தின் முன் நிமிர்ந்து நின்று, என் மகளைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று குனிகிறார். அவர் பல்கலைக்கழக ஆள். மகள் பார்த்ததைப் பொய் என்றும் சொல்லவில்லை, நிரூபி என்றும் கேட்கவில்லை.

மோனோனோகேயில் ஊரையே அழிக்க வந்த பன்றி சாமி விழுந்து சாகிறது. ஊர் மூதாட்டி ஓடிவந்து அதன் முன் தரையில் தலை வைக்கிறாள். உனக்கு மேடு எழுப்பி வழிபடுகிறோம், பகையை விட்டுவிட்டு அமைதியாகு என்கிறாள். அது அடங்கவில்லை, மனிதர்களைச் சபித்துவிட்டே சாகிறது. அப்புறம் அதன் உடலுக்குள்ளிருந்து ஓர் இரும்புக் குண்டு கிடைக்கிறது. முதல் முறை நான் கவனித்தது சண்டையை. மூதாட்டி குனிந்ததை மூன்றாம் முறைதான் பார்த்தேன்.

'ஸ்பிரிட்டட் அவே'யின் தொடக்கத்தில் கார் வழி தவறித் திரும்பும் இடத்தில் ஒரு மரத்தில் பழைய தோரி சாய்ந்து கிடக்கும், அடியில் சின்னச் சின்னக் கல் மாடங்கள் குவிந்திருக்கும். அது என்ன என்று சிஹிரோ கேட்கிறாள், சாமிகளின் வீடு என்று அம்மா சொல்கிறாள், கார் நிற்காமல் போகிறது. அங்கே யாரும் குனியவில்லை. அடுத்த இரண்டு மணி நேரமும் அதற்கான விலைதான்.

அதே படத்தில் குளியல்கூடத்துக்கு ஒரு நாற்ற சாமி வரும். சேறு வழிய வழிய வந்து தொட்டியில் உட்காரும், எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். சிஹிரோ தண்ணீர் ஊற்றும்போது அதன் விலாவில் முள்போல ஏதோ கையில் தட்டுப்படும். கயிறு கட்டி எல்லோரும் சேர்ந்து இழுத்தால் முதலில் வருவது சைக்கிளின் கைப்பிடி. அதன் பின்னால் குப்பை மலையே சரிந்து விழும். கடைசியில் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கிழவர் முகம் சிரிக்கும். வந்தது ஓர் ஆற்றின் சாமி. தன் வீட்டுப் பக்கத்து ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது சைக்கிள் ஒன்றை இழுத்து எடுத்ததை மியாசாகியே சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சியில் ஆற்றைக் காப்போம் என்று யாரும் பேசவில்லை. முள் குத்திய காலைப் பிடித்துவிடுவதுபோல எடுத்துவிடுகிறார்கள், அவ்வளவே.

'நௌசிகா'வுக்கு முன் மினமாதா பற்றி ஐந்து நிமிடம் படியுங்கள். ரசாயன ஆலையின் பாதரசக் கழிவு கடலில் கலந்து, மீன் தின்ற மக்கள் நரம்பு நோயில் விழுந்த ஊர் அது. 1956-இல் நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. மீன்பிடிப்பு நின்றபின் அந்த நஞ்சுக் கடலில் மீன்கள் பெருகிய செய்தி மியாசாகியை உலுக்கியது. படத்தின் நச்சுக் காட்டுக்கு வித்து அங்கேதான். அந்தக் காடு உண்மையில் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை இங்கே சொல்ல மாட்டேன்.

7. வில்லனைத் தேடாதீர்கள்

'இது சுற்றுச்சூழல் படம், காட்டை வெட்டுகிறவர் வில்லன்' என்று முடிவுகட்டி உட்கார்ந்தால் மோனோனோகே உங்களை ஏமாற்றும். காட்டை அழிக்கும் எபோஷி சீமாட்டி, விலைக்கு விற்கப்பட்ட பெண்களை மீட்டு வேலை கொடுத்தவள். யாரும் அண்டாத தொழுநோயாளிகளின் புண்ணைத் தன் கையால் கழுவிக் கட்டுப்போட்டவள். அந்தக் காட்சிக்குப் பின்னால் ஓர் உண்மை இடம் இருக்கிறது. மியாசாகி தன் வீட்டுக்குச் சற்றுத் தள்ளியிருந்த தாமா ஸென்ஷோயென் என்ற தொழுநோய் இல்லத்துக்குப் போய் வந்தவர்.

அவளுடைய ஊருக்கு இரும்புதான் சோறு. தாதாரா என்ற அந்தக் கால உலையை ஏற்றினால் நாள்கணக்கில் விடாமல் எரிய வேண்டும், டன் கணக்கில் மரக்கரி வேண்டும். காடு போகாமல் உலை எரியாது, உலை எரியாமல் அந்தப் பெண்களுக்குப் போக்கிடம் இல்லை. இந்த முடிச்சைப் படம் அவிழ்ப்பதில்லை. கடைசியில் மலை மீண்டும் பச்சையாகும், ஆனால் அது பழைய இருண்ட காடு இல்லை, வெயில் விழும் புல்வெளி. மீண்டு வந்தாலும் இது காட்டுச் சாமியின் காடு ஆகாது என்று, ஓநாய்களோடு வளர்ந்த பெண் சான் சொல்வதைக் கவனியுங்கள். சுபம் என்று நினைத்துக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

8. நேரில் போக நினைத்தால்

ஐந்து படமும் முடிந்தபின் பலருக்கு இந்தக் கிறுக்கு பிடிக்கும். எனக்கும் பிடித்தது.

தோக்கியோவின் ஓரத்தில் மிதாகாவில் உள்ள கிப்லி அருங்காட்சியகத்தின் வாசலில் டிக்கெட் விற்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, அடுத்த மாதத்துக்கான டிக்கெட் இணையத்தில் திறக்கும். நமக்கு அது காலை 6:30. நான் நம் நேரம் பத்து மணி என்று நினைத்துக் குளித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்தேன், எனக்கு வேண்டிய தேதி போய்விட்டிருந்தது. பெரியவர்களுக்கு 1,000 யென். நாளும் நேரமும் குறித்த டிக்கெட், மாற்ற முடியாது. செவ்வாய் பொதுவாக விடுமுறை. உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது.

பெயர் விஷயத்தில் நமக்கு ஒரு தனித் தலைவலி. டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்க்கக் கேட்கலாம். நம்மில் பலருக்கு முதலெழுத்துதான், குடும்பப் பெயர் கட்டம் காலி. படிவமோ இரண்டையும் கேட்கும். பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் எழுத்துக்கூட்டலையே போடுங்கள். முதலெழுத்தை இஷ்டத்துக்கு விரித்து எழுதாதீர்கள்.

விசாவுக்குப் பயணத் திட்டம், வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு எல்லாம் வேண்டும். டிக்கெட்டோ அடுத்த மாதத்துக்கு மட்டும்தான் திறக்கும். ஆகவே பயணத் திட்டத்தில் 'மிதாகா' என்று நாளைக் குறித்து விசாவுக்கு முதலில் கொடுத்துவிடுங்கள், டிக்கெட்டைப் பிறகு பிடிக்கலாம். விசா வேலைக்கு ஒரு மாதமாவது கையில் இருக்கட்டும்.

டிக்கெட் கிடைக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள். தோக்கியோவை ஒட்டிய சாயாமா குன்றுகளுக்கு டிக்கெட்டே வேண்டாம். டோட்டோரோவின் நிலப்பரப்புக்கு உந்துதலான இடங்களில் அதுவும் ஒன்று. வீட்டு மனைகளாகப் போய்விடாமல் இருக்க, 1990-களிலிருந்து மக்கள் நன்கொடை சேர்த்துத் துண்டு துண்டாக வாங்கி வைத்த தோப்புகள் அங்கே உள்ளன, இப்போது ஐம்பதுக்கும் மேல். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஓக் மரங்கள், ஒரு பலகை, சருகு. எனக்கு அருங்காட்சியகத்தைவிட இதுதான் பிடித்தது.

ஜப்பானின் தெற்கிலுள்ள யாகுஷிமா தீவு தூரம், செலவும் கூட. காகோஷிமாவிலிருந்து விரைவுப் படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். மோனோனோகேயின் காட்டுக்கு முன்மாதிரியான ஷிராதானி உன்சுய்க்யோ பள்ளத்தாக்கில் பராமரிப்புக்கென்று 500 யென் வாங்குவார்கள். போய்வர நான்கு மணி நேரம் வையுங்கள். மாதத்தில் முப்பத்தைந்து நாள் மழை என்று அந்தத் தீவைப் பற்றி ஒரு சொல் உண்டு, குடை பயன்படாது, மழைக்கோட்டு எடுங்கள். வழுக்காத காலணி இல்லாமல் போகாதீர்கள். பாதையை விட்டு இறங்கிப் பாசியை மிதிக்கக் கூடாது.

ஒரு காலத்தில் அங்கே 'மோனோனோகே இளவரசியின் காடு' என்று பலகை இருந்தது. இப்போது 'கோகேமுசு மோரி', பாசி படர்ந்த காடு, என்று மாற்றிவிட்டார்கள். படத்தின் பெயரைத் தேடிக்கொண்டு நான் அந்த இடத்தைத் தாண்டி அரை மணி நேரம் ஏறிவிட்டேன். ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை நிறுத்தத்தில் இறங்கும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே எனக்கு சிக்னல் கிடைக்கவில்லை.